அறுபது நாள்

"எங்க கெடச்சுச்சு?" என்று கேட்கிறார்கள். புடவைக்கும் மனைக்கும் அரசு வேலைக்கும் எந்த வினைச்சொல்லோ அதுவேதான் பிள்ளைக்கும். என் மகளைப் பார்த்துவிட்டு இதைக் கேட்காதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. கல்லூரியில் ஆசிரியர் அறையில் கேட்டிருக்கிறார்கள். பெரம்பலூர் – அரியலூர் பேருந்தில் இரண்டு நிறுத்தத்துக்கு மட்டும் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள்கூடக் கேட்டிருக்கிறார். பாதிப் பேருக்கு வம்பு. மற்றவர்கள் கேட்கும் விதமே வேறு. கேட்பதற்கு முன் சுற்றும்முற்றும் பார்த்துக்கொள்வார்கள், குரல் இறங்கும். திருச்சியில் கருத்தரிப்பு மருத்துவமனைகளின் படியேறிப் படியேறி நகையை அடகில் விட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு வழி தெரிய வேண்டும். எனக்கும் ஒருகாலத்தில் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

2018 பிப்ரவரியில் நாங்கள் பதிவு செய்தோம். எனக்கு 38, அவருக்கு 42. அதற்கு முந்தைய ஏழு வருடத்தைப் பற்றி எழுத விருப்பமில்லை. ஊசி, ஸ்கேன், சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை திறக்கிற திங்களும் வெள்ளியும், வளைகாப்புக்கு அழைக்க மறந்துபோகும் உறவினர்கள் – இதைப் படிக்கிறவர்களில் பலருக்கும் தெரிந்ததுதான். போதும் என்று நான் சொன்ன பிறகு வீட்டில் இரண்டு வழிகள் சொன்னார்கள்.

முதல் வழி அத்தை சொன்னது. "வெளிப்புள்ள எதுக்கு? சின்னவனோட ரெண்டாவது பையன் இருக்கான்ல?" கொழுந்தனார் தலையாட்டினார். என் கணவர் என்னைப் பார்த்தார். ஓரகத்தி அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை. அவள் பெற்ற பிள்ளையைப் பற்றித்தான் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு நான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஆராய்ச்சி செய்து பழகியவளுக்குக் கோபம் வந்தால் போகிற இடம் அதுதான். 1956இல் வந்த இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்துக்கு முன்னால், பொதுவாக ஆண் பிள்ளையை மட்டுமே தத்தெடுக்க முடியும். கொள்ளி போட, பிண்டம் வைக்க, சொத்து வெளியே போகாமலிருக்க. 'சுவீகாரம்' என்று நம் வீடுகளில் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் ஒரு பையன்தான் உட்கார்ந்திருந்தான். இதற்கு ஒரு விலக்கு உண்டு. தேவதாசி மரபுப் பெண்கள் தங்கள் பெயரிலேயே பெண் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள்; சென்னை மாகாணத்தில் அதை வழக்கமென்று நீதிமன்றம் ஏற்றதுண்டு. 1956 சட்டம் பெண் குழந்தைக்கு இடம் கொடுத்தது. திருமணமாகாதவள், விதவை, மணவிலக்குப் பெற்றவள் தன் பெயரில் தத்தெடுக்கலாம் என்றது. கணவனோடு வாழ்கிறவளுக்கு மட்டும் அந்த உரிமை இல்லை. கணவன் எடுப்பான், அவள் சம்மதிப்பாள். கொடுப்பதிலும் அப்படித்தான்: தந்தை உயிரோடிருந்தால் கொடுக்கும் உரிமை அவனுடையது, தாய்க்குச் சம்மதிக்கும் உரிமை. இது மாறியது 2010இல். அதாவது என் ஓரகத்தி அடுப்படியில் நின்றுகொண்டிருந்த அந்த நாளில், சட்டம் அவளைக் கூடத்துக்கு அழைத்து எட்டு வருடமாகியிருந்தது. கூடத்துக்குத்தான் சேதி வந்து சேரவில்லை. மறுநாள் அத்தையிடம் வேண்டாம் என்று சொன்னேன். ஓரகத்தி அதைப் பற்றி இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தீபாவளிக்கு மட்டும் எனக்கென்று தனியாக ஒரு தூக்கில் அதிரசம் வரும்.

இரண்டாவது வழியைச் சொன்னவர் தூரத்து உறவில் ஒரு சித்தி. அவருக்குத் தெரிந்த ஒரு நர்சம்மா இருக்கிறாராம். "யாருக்கும் தெரியாதும்மா. பிரசவ ரிஜிஸ்டர்லயே உம்பேரப் போட்டு சர்ட்டிபிகேட் வாங்கிடலாம். நீ பெத்த புள்ளதான்." தொகையும் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார்; என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்குத் தாங்கவில்லை. நீ பெத்த புள்ளதான் என்ற அந்த வாக்கியம் என்னை அசைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். மலடி என்ற சொல்லை முதுகுக்குப் பின்னால் கேட்டிருப்பவளுக்கு அரசு முத்திரையோடு ஒரு தாள், அதில் தாயின் பெயர் என்ற இடத்தில் அவள் பெயர். நான் கேட்டது ஒரே கேள்வி. "அந்தப் பொண்ணு பேரு என்ன சித்தி? பெத்தவ?" அவருக்குத் தெரியவில்லை. அது தெரியக் கூடாது என்பதற்குத்தானே அந்தத் தொகை.

அடுத்த ஆண்டு, 2019 ஏப்ரலில், நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்திலிருந்து ஒரு தொலைபேசி ஒலிப்பதிவு நாடெங்கும் போனது. ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் குழந்தை விலை பேசுகிறார். ஆண் குழந்தைக்கு ஒரு விலை, பெண் குழந்தைக்கு அதைவிடக் குறைவு, பிறப்புச் சான்றிதழுக்குத் தனி. கைதுகள் நடந்தன, வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அதைக் கேட்ட அன்று சித்தி என்னை அழைத்து நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு வைத்துவிட்டார். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 81ஆம் பிரிவில் குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்தாண்டு வரை கடுங்காவல். மருத்துவமனையில் இருப்பவர்கள் செய்தால் மூன்றிலிருந்து ஏழாண்டு. முறைப்படி அல்லாமல் பிள்ளையைக் கொடுத்தாலும் எடுத்தாலும் 80ஆம் பிரிவு. குரலைத் தாழ்த்திக் கேட்கிறவர்களுக்கு முதலில் நான் சொல்வது இதைத்தான். அவர்கள் முகம் வாடும். வாடட்டும்.

மூன்றாவது வழி, சட்டத்தின் வழி, எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அது தெரியாத ஊராக இது இருப்பது ஒரு விந்தை. ஏனென்றால் தமிழ்நாட்டின் தொட்டில் குழந்தைத் திட்டத்தில் எங்கள் இரண்டு மாவட்டங்களும் இருக்கின்றன. 1992இல் பெண்சிசுக் கொலையைத் தடுக்கச் சேலத்தில் தொடங்கிய திட்டம் அது. வளர்க்க முடியாதவர்கள் கொல்லாமல் தொட்டிலில் விட்டுப் போகட்டும், அரசு வளர்க்கும் என்றார்கள். 2011 கணக்கெடுப்பு வந்தபோது ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்கு எத்தனை பெண் என்ற எண்ணிக்கை மாநிலத்தில் 943 ஆக இருக்க, அரியலூரில் 900க்கும் கீழே நின்றது. பெரம்பலூரும் மாநிலச் சராசரிக்குக் கீழேதான். அந்த ஆண்டே கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலைக்கு இத்திட்டத்தை விரித்தார்கள். அந்தத் தொட்டில்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண் குழந்தைகள். 'இப்பல்லாம் எல்லாரும் பொண்ணுதான் வேணும்னு தத்தெடுக்குறாங்க, காலம் மாறிடுச்சு' என்று மேடைகளில் பெருமையாகச் சொல்கிறார்கள். நாட்டில் தத்துக் கொடுக்கப்படுவதில் பெண் குழந்தைகள் அதிகம் என்பது உண்மை. கைவிடப்படுவதில் யார் அதிகம் என்பதையும் அதே மேடையில் சொன்னால் நன்றாக இருக்கும். என் வருகைப் பதிவேட்டில் இன்னும் 'போதும்பொண்ணு' என்ற பெயர் வருகிறது. கூப்பிட்டதும் எழுந்து நின்று 'உள்ளேன் அம்மா' என்கிறாள்.

வழி இதுதான். 'காரா' என்று சுருக்கிச் சொல்லும் மத்திய தத்துவள ஆணையத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். இணையம் பிடிபடாதவர்களுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது, அங்கே உதவுவார்கள். திருமணமானவர்கள் என்றால் குறைந்தது இரண்டாண்டு நிலையான இல்வாழ்க்கை வேண்டும். தனியாக இருக்கும் பெண் ஆணோ பெண்ணோ எடுக்கலாம். தனியாக இருக்கும் ஆண், பெண் குழந்தையை எடுக்க முடியாது. எந்த மதத்தவரும் எடுக்கலாம். ஷப்னம் ஹாஷ்மி தொடுத்த வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வயதுச் சான்று, திருமணச் சான்று, வருமானம், மருத்துவச் சான்று எல்லாம் ஏற்ற வேண்டும். கட்டணங்கள் விதிகளிலேயே எழுதியிருக்கின்றன. அதற்குமேல் ஒரு ரூபாய் கேட்டாலும் அது தப்பு வழி. பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஆய்வு செய்வார்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் என்னைவிடப் பத்து வயது சிறிய பெண். நான் வீட்டைத் துடைத்து வைத்திருந்தேன். அவர் வீட்டைப் பார்க்கவே இல்லை. என் கணவரிடம், "ராத்திரி குழந்தை அழுதா யார் சார் எழுந்திருப்பீங்க?" என்று கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்து, "எனக்குத் தூக்கம் கம்மிதான்மா" என்றார். அவர் எழுதிக்கொண்டார். அத்தையிடம், "சொத்துல பங்கு உண்டுன்னு தெரியுமாம்மா?" என்றார். அத்தை என்னைப் பார்த்த பார்வை மறக்காது. பிள்ளை பெறுகிற எந்தத் தம்பதியையும் யாரும் இப்படிக் கேட்பதில்லை. கேட்டால் நல்லது என்று தோன்றியது. இத்தனை நாளும், எங்களுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அறிக்கை ஒரு பிள்ளைக்கு நாங்கள் வேண்டுமா என்று எழுதப்படுவது.

பிறகு காத்திருப்பு. 2022 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று தந்த கணக்கு இது. 2021 டிசம்பரில் பதிவுசெய்து காத்திருந்த பெற்றோர் 27,939. தத்துக்கு உரியவர்களாகக் கருதப்பட்டு இல்லங்களில் இருந்த குழந்தைகள் 6,996. அவர்களில் சட்டப்படி விடுவிக்கப்பட்டவர்கள் 2,430. ஓராண்டாக இருந்த காத்திருப்பு மூன்றாண்டாகிவிட்டது என்றும் குழு சொன்னது. இணையதளத்தில் எங்கள் வரிசை எண்ணைப் பார்ப்பது எனக்குக் காலை வழக்கமானது. ஏன் இத்தனை தாமதம், ஒருபக்கம் இல்லத்தில் குழந்தைகள், மறுபக்கம் நாங்கள், நடுவில் தாளா என்று எல்லாரையும் போல நானும் பொருமினேன். அந்தப் பொருமலில் பாதி நியாயம் இருக்கிறது. விடுவிக்கும் வேலையை இழுத்தடிக்கும் இடங்கள் உண்டு. மற்ற பாதியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

2019 கடைசியில் என் மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்து வெளியே நின்றாள். அவளுடைய அக்கா, திருமானூர் பக்கம் கட்டிக்கொடுத்தது, மூன்றாவதும் பெண்ணாகப் பெற்றிருந்தாள். புகுந்த வீட்டில் முடிவு செய்து, கணவனும் மனைவியுமாகக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நாற்பது நாளாகிவிட்டது. "அக்காவுக்கு இன்னும் பால் நிக்கலம்மா. துணியக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. திரும்பக் கேட்டா குடுப்பாங்களாம்மா?"

கொடுப்பார்கள். ஒப்படைத்தவர்கள் மனம் மாற 60 நாள் இருக்கிறது. அதற்குள் வந்து கேட்டால் குழந்தையைத் திருப்பிப் பெறலாம். அந்த நாள்கள் முடியும்வரை அந்தக் குழந்தை யாருக்கும் ஒதுக்கப்படாது. என்னைப் போல வரிசையில் நிற்கும் யாருடைய கைப்பேசியிலும் அதன் படம் வராது. சட்டத்தை எனக்காகப் படித்திருந்தேன். அந்தப் பிரிவை அதுவரை தாமதத்தின் கணக்கில்தான் வைத்திருந்தேன்.

நானும் மாணவியும் அவள் அம்மாவும் போனோம். அவள் அம்மா முந்தானையில் பணம் முடிந்துகொண்டு, "மூணும் எங்கிட்ட இருக்கட்டும். நான் முந்திரி பொறுக்கியாவது வளக்குறேன்" என்று மருமகனின் வாசலில் நின்று சொன்னதுதான் உண்மையில் காரியத்தை நடத்தியது. சட்டம் பிறகு வந்தது. கணவன் வாயே திறக்காமல் கூட வந்தான். குழுவில் கேள்விகள் கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள், மறுபடி வரச் சொன்னார்கள். ஐம்பத்து மூன்றாம் நாள் குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். திரும்பி வரும் பேருந்தில் சிமெண்ட் ஆலை லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதலில் குழந்தை பிடிக்கவில்லை, அழுதது. அப்புறம் பிடித்தது. நான் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். என் வரிசைக்கு வந்திருக்கக்கூடிய ஒரு குழந்தை. அந்த எண்ணம் வராமலில்லை. வந்தது, அரியலூர் வரை கூடவே வந்தது. அது வந்ததற்காக நான் வெட்கப்படவில்லை, ஏழு வருடம் காத்திருந்தவளுக்கு அதுகூட வராவிட்டால்தான் ஆச்சரியம். சித்தி சொன்ன நர்சம்மாவின் வழியில் நான் வாங்கியிருக்கக்கூடியது எது என்று அன்றுதான் முழுசாகத் தெரிந்தது. பிள்ளையோடு சேர்த்து யாரோ ஒருத்தியின் அறுபது நாளை.

அந்த நாள்கள் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. ஆள் தெரியாமல் தொட்டிலில் விடப்பட்ட குழந்தைக்கு நாளிதழில் படத்தோடு அறிவிப்பு வருமே, உரியவர்கள் அணுகலாம் என்று, அது வேறு வழியாகத் தேடும் முயற்சி. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் அதற்கு இரண்டு மாதம். திருமணமாகாத பெண்ணும் குழுவின் முன்னால் வந்து ஒப்படைக்கலாம், அவள் அடையாளத்தை வெளியிடக் கூடாது. இந்தப் பக்கங்களை விடுதியில் இருக்கும் மாணவிகள் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்: குப்பைமேடும் கிணறும் வேண்டாம், தெரிந்த நர்சும் வேண்டாம். 1098க்கு அழைத்தால் போதும். தன்னை மீறிய நிலைமையில் பிள்ளையை விட்டவளைத் தண்டிக்கச் சட்டம் அவசரப்படவில்லை. அவசரப்படுவது ஊர்.

எங்கள் வீட்டாய்வு அறிக்கை மூன்றாண்டு செல்லும். அது காலாவதியாக இரண்டு மாதம் இருந்தபோது, 2021 மார்ச்சில், நான் வகுப்பில் இருக்கும்போது செய்தி வந்தது. படம், மருத்துவ அறிக்கை, 14 மாதப் பெண் குழந்தை. 48 மணி நேரத்துக்குள் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் ஆணா பெண்ணா என்ற இடத்தில் எதுவானாலும் என்று குறித்திருந்தோம். அவள் வந்தாள். முதலில் வளர்ப்புப் பராமரிப்பு, பிறகு நீதிமன்ற ஆணை. இப்போது அந்த ஆணையை மாவட்ட ஆட்சியரே தருகிறார், 2022 செப்டம்பரிலிருந்து. இரண்டாண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தார்கள். இரவில் எழுந்தது பெரும்பாலும் அவர்தான். அத்தைக்கு முதல் வாரம் அவளைத் தூக்கத் தயக்கம். இரண்டாம் வாரம் 'எம்புள்ளைக்கு யாரு கண்ணு வச்சது' என்று மிளகாய் சுற்றிக்கொண்டிருந்தார்.

சொல்லாமலே வளர்த்துவிடு என்பது எல்லாரும் தந்த அறிவுரை. மணிமேகலை பாடம் நடத்துகிறவளிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சாலி என்பவள் பெற்ற குழந்தையைத் தோட்டத்தில் விட்டுப் போகிறாள், ஒரு பசு ஏழு நாள் பாலூட்டுகிறது, இளம்பூதி என்ற அந்தணன் எடுத்து வளர்க்கிறான். ஆபுத்திரன் வளர்ந்து வேள்விப் பசுவை மீட்கும்போதுதான் அவன் பிறப்பை ஊர் எடுத்து வீசுகிறது. அமுதசுரபி கிடைத்ததைத்தான் மாணவிகள் தேர்வில் எழுதுகிறார்கள். எனக்கு உறுத்துவது அதற்கு முந்தைய இடம்: ஊர் சொன்னதைக் கேட்டதும் அத்தனை வருடம் வளர்த்த இளம்பூதியே அவனைக் கைவிடுகிறான். ஊர் எடுத்து வீசுவதற்கு ஒன்றை நாமே ஏன் மறைத்துவைத்துக் கொடுக்க வேண்டும்? அவளுக்கு மூன்று வயதிலிருந்து சொல்லி வருகிறோம். போன மாதம் ஒருநாள் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது, "அந்த அம்மாவுக்கு முடி சுருட்டையா?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். கோப்பில் அவளைப் பற்றி இருப்பது மிகக் கொஞ்சம். மகளுக்குப் பதினெட்டு ஆனால் அவளே விண்ணப்பித்துத் தேடலாம், அதற்கு விதி இருக்கிறது.

இப்போது வழி கேட்டு வீட்டுக்கே வருகிறார்கள். அண்மையில் செந்துறையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அந்தப் பெண் வந்ததிலிருந்து என் மகள் படம் வரைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயதுக் கணக்குப் போட்டோம். 41ம் 46ம் சேர்ந்து 87. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கூட்டு வயது 85ஐத் தாண்டக் கூடாது. இரண்டிலிருந்து நான்கு என்றால் 90 வரை, நான்கிலிருந்து எட்டு என்றால் 100 வரை. அவர் முகம் விழுந்துவிட்டது. "கைக்குழந்தை கெடைக்காதா மேடம்?" என்றார். அந்தப் பெண் அதற்குள் மனதில் வேறொரு கணக்குப் போட்டுவிட்டிருந்தாள்.

"அப்ப பேசுற புள்ளையா வரும்ல? என்ன வேணும்னு அதுவே சொல்லும்" என்றாள். பதிவுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டு, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனார்கள்.